இருபதாவது ஆமை

ரோடு ரோலர் ஓட்டுகிற மனுஷனை ஆறு வாரம் வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். முதல் வாரம் ஒழுகுகிற குழாயை எல்லாம் சரி பண்ணினான். இரண்டாம் வாரம் கிறீச்சிடுகிற கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். மூன்றாம் வாரம் வேலை தீர்ந்துபோய், நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டி அதையும் ஒழுக வைத்தான். நான்காம் வாரம் மகள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"அப்பா, உன் கையைக் கொஞ்சம் கட்டிப் போடு. இல்லேன்னா இந்த வீடு தாங்காது."

மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி ஒன்று தயாராக வைத்திருப்பாள். அப்பன் அவளிடம் தோற்பதற்கென்றே வாயைக் கொடுப்பான்.

அவன் வேலை நின்றதற்குக் காரணம் ஊரில் வேறு யாருமில்லை. கட்டின பெண்டாட்டிதான்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போடுகிறார்கள். பதினாறு கிலோமீட்டரில் பதினான்கு முடிந்துவிட்டது. மீதி இரண்டு கிலோமீட்டர் இரண்டு குளங்களுக்கு நடுவே போக வேண்டும். அந்தக் குளங்களில் இருக்கிற ஆமை, பிடிக்கவோ கொல்லவோ கூடாது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற ஆமை. எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் அங்கே ஒரு கூடை மண் விழக் கூடாது என்று சுற்றுச்சூழல் அலுவலகம் சொல்லிவிட்டது. பத்தொன்பது வரை இருந்தால் பிடித்து வேறு குளத்தில் விட்டு, வேலி கட்டி, சாலைக்கு அடியில் குழாய் பதித்து வேலையைத் தொடரலாம். இருபதோ அதற்கு மேலோ இருந்தால் சாலை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. புது வழி பார்த்து, புது வரைபடம் போட்டு, புது அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருஷமாவது ஆகும்.

எண்ணியவள் அவன் மனைவி. பதினொரு வருஷம் மற்றவர்களுக்கு வாளி சுமந்து, வலை தூக்கி, பரீட்சை எழுதி, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சொந்தமாகக் கையெழுத்துப் போடுகிற சான்றிதழ் வாங்கினாள். அதே சாலையில்தான் புருஷன் ரோலர் ஓட்டுகிறான் என்று முதல் நாளே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். கணக்கெடுப்பில் புருஷன் கை எந்த வகையிலும் படக் கூடாது என்று ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களும் சம்மதித்திருந்தார்கள்.

எட்டு வாரம் எண்ணினாள். சாயங்காலம் வலைக்கூடு போடுவாள். ஆமைக்கு மூச்சு விட வேண்டுமே, அதற்காகக் கூட்டுக்குள் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, கூட்டின் மேல்பாகம் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வைப்பாள். விடிந்ததும் இடுப்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி எடுப்பாள். அகப்பட்ட ஆமையை எடை போட்டு, அளந்து, வயிற்றைப் படம் பிடித்து, அதே இடத்தில் விட்டுவிடுவாள். மஞ்சள் வயிற்றில் கறுப்புத் திட்டுகள். நமக்குக் கைரேகை மாதிரி அதற்கு அந்தத் திட்டு. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது.

எட்டு வாரம் முடிந்தபோது எண்ணிக்கை சரியாக இருபது.

அன்றைக்கு அவள் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக, "இருபதுங்க" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்கே புரியவில்லை. அவன், "ஒண்ணே ஒண்ணு லீவு போட்டிருக்கக் கூடாதா?" என்றான். வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் ரோலருக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று ஒருநாள் விட்டு ஒருநாள் போய் ஸ்டார்ட் பண்ணி, கால் மணி நேரம் உறும விட்டு, அணைத்துவிட்டு வருவான். மேஸ்திரி நல்ல மனுஷன். இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் வேறொரு சாலை வேலை இருக்கிறது, ஒரு வருஷ வேலை, போகிறாயா என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வக்கீலின் பரீட்சை வருஷத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எல்லாரும் போக முடியாது. போனால் அவன் மட்டும்தான் போக வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சேர்ந்தாற்போலப் பத்து நாள் அவன் வீட்டை விட்டு இருந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்தாள்.

"சும்மாதானே இருக்கீங்க, இந்தப் படத்தையெல்லாம் கோடு பாத்து வெட்டித் தாங்க. நான் எடைக் கணக்கை ஒரு தடவை சரி பாத்துக்கறேன். திங்கக்கிழமை ஃபைலை முடிக்கறாங்க."

"என் கை படக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தியேடி?"

"நீங்க என்ன ஆமையையா எண்ணப் போறீங்க? காகிதம் வெட்டறதுக்கெல்லாமா சட்டம் பேசுவாங்க? வெட்டுங்க."

சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இருபது வயிறுகள். ஒவ்வொன்றின் கீழும் நம்பர், தேதி, எந்தக் குளம் என்ற விவரம். அவன் வெட்டி வெட்டி அவள் பக்கம் நேராக இருக்கும்படி அடுக்கி வைத்தான். அதனால் அவன் பக்கத்திலிருந்து பார்க்க எல்லாம் தலைகீழ்.

இருபத்திரண்டு வருஷம் ரோலர் மேல் உட்கார்ந்து தரையையே பார்த்த கண் அது. போட்ட தாரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. பதினாறாம் நம்பரைக் கையில் எடுத்தவன், வலது ஓரத்தில் ஒரு சின்ன விரிசலைப் பார்த்தான். இதை எங்கேயோ பார்த்தோமே என்று தோன்றியது. அடுக்கி வைத்ததில் ஏழாம் நம்பர் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அதிலும் அதே விரிசல். அதன் பக்கத்தில் அதே திட்டு, பூட்ஸ் அடி மாதிரி.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஏழாம் நம்பர் படத்தில் பாதி வயிறு சேற்றில் மறைந்திருந்தது. தலையும் வாலும் படத்துக்குள் வரவில்லை, அவ்வளவு கிட்டத்தில் எடுத்திருந்தாள். தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலைகீழாக வைத்து நம்பர் போட்டுவிட்டாள். அவள் எத்தனை தடவை ஒப்பிட்டாலும் இரண்டும் வேறு வேறாகத்தான் தெரிந்திருக்கும்.

ஏழாம் நம்பரின் தேதியைப் பார்த்தான். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு மழை. அவள் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். வேலைக்கு நேரமாகிறது என்று கரையில் நின்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். "வர்றேன், வர்றேன், உசிரை வாங்காதீங்க" என்று அவள் தண்ணீருக்குள்ளிருந்து கத்தியது இப்போதும் காதில் கேட்டது. அந்த அவசரத்தில்தான் வயிற்றைக் கழுவாமல் படம் எடுத்திருக்கிறாள்.

"என்ன, வெட்டறதை நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"கத்தரிக்கோல் மொட்டை" என்றான்.

இரண்டு நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் சொல்வான்? ஒன்று குறைந்தால் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் அடுத்த வாரமே ரோலரின் தார்ப்பாயை எடுத்துவிடலாம், எங்கேயும் போக வேண்டாம். அதுதான் அவனைத் தடுத்தது. தனக்கு லாபம் இல்லாத விஷயமாக இருந்தால் அந்த நிமிஷமே, "ஏ, இதப் பாருடி" என்று சொல்லியிருப்பான். இப்போது சொன்னால் ரோலருக்காகச் சொல்கிறான் என்று அவள் நினைத்துவிட்டால்? சொல்லாமல் இருந்தால் அவள் சான்றிதழுக்கு ஒரு கீறல் விழாது. ஆமைகளுக்கும் நல்லது. கெட்டுப் போகிறவன் அவன் ஒருத்தன்தான், அதுவும் ஒரு வருஷம். போய்த் தொலைப்போம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் பொய்யான எண்ணிக்கையின் கீழே அவள் கையெழுத்துப் போடப் போகிறாள், அது தனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவனால் விழுங்க முடியவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவே கஷ்டமாக இருந்தது.

வக்கீல்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, ரெண்டு நாளா உன்கிட்ட எதுவும் உடையலையே. உடம்பு சரியில்லையா?"

திங்கட்கிழமை காலை மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் ஃபைலைப் பையில் வைக்கப் போகும்போது, இரண்டு படங்களையும் எடுத்து மேஜையில் வைத்தான். ஏழாம் நம்பரைத் திருப்பி வைத்தான்.

"இதைக் கொஞ்சம் பாரு."

அவள் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து மறுபடி பார்த்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை பாத்துட்டு இன்னிக்குச் சொல்றீங்களா? ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேலைக்காகச் சொல்றேன்னு நெனைச்சுப்பியோன்னு..."

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போறேன்! ஆமை ஒண்ணா ரெண்டாங்கறதுதானே கேள்வி?" என்று கத்தினாள். அப்புறம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "எட்டு வாரம். ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பாத்தவ நான். இது கூடத் தெரியலையே எனக்கு."

"நான்தான் ஹாரன் அடிச்சேன்."

"ஹாரன் அடிச்சா கழுவக் கூடாதுன்னு சட்டமா? சும்மா இருங்க. பழியை வேற பங்கு போட வராதீங்க."

அவன் டீ போட்டு வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. "இருபது இருந்திருக்கலாம்" என்றாள் கடைசியில். "எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ஆனா பத்தொன்பதுதான் இருக்கு." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க. ஸ்கூட்டரை இன்னிக்கு என்னால ஓட்டிட்டுப் போக முடியாது. பைக்கை எடுங்க."

அலுவலகம் மூன்றாவது மாடியில். சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அலமாரி முழுக்க ஃபைல். அதிகாரியம்மா ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு படங்களையும் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இவள் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள், மழை, சேறு, தலைகீழ் எல்லாம். அவன் வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அட, ஏம்மா இப்படி அழற மாதிரி நிக்கறே? உக்காரு" என்றார் அதிகாரியம்மா. "ஃபைல் முடியறதுக்கு முன்னாடி நீயே வந்து சொல்லிட்டே. இந்த மாதிரி வந்து சொல்றவங்களை நான் விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு திருத்தப் படிவம் எழுதிக் கொடு. உன் சான்றிதழ்ல ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடுவேன், அவ்வளவுதான். பத்தொன்பது. அவங்க வேலையை ஆரம்பிக்கட்டும்."

பெஞ்சில் இருந்தவனுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதானா? இதற்காகவா இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் படிவத்தை வாங்கி எழுத ஆரம்பித்தாள். பாதியில் பேனா நின்றது. "அம்மா, இதுல 'பிழையைக் கண்டவர்'னு ஒரு இடம் இருக்கு."

"ஆமா. உன் பேரை எழுது."

"நான் பாக்கலைம்மா. அவர்தான் பாத்தார்."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி முதல் தடவையாக அவனைப் பார்த்தார். "இவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"ரோலர் ஓட்டறதா எழுதிக் கொடுத்தியே, அவரா?"

"அவர்தான்."

அதிகாரியம்மா நாற்காலியில் சாய்ந்தார். "கணக்கெடுப்புல இவர் கை படக் கூடாதுன்னு உன்கிட்ட எழுதி வாங்கியிருக்கேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. படத்தை வெட்டித் தரச் சொன்னேன். அது தப்புன்னு அப்போ தோணலை."

"எனக்குத் தெரியும்மா நீ எப்படின்னு. ஆனா நாளைக்கு ரோடு வேண்டாம்னு மனுப் போட்டவங்க வந்து கேப்பாங்க. ரோலர்காரர் ஃபைலைத் தொட்டார், ஒரு ஆமை குறைஞ்சுது, ரோடு வந்துதுன்னு. நான் என்ன பதில் சொல்றது? இவர் பேரை எழுதினா உன் எட்டு வாரமும் ரத்து. அடுத்த வருஷம் ஆமை வெளியே வர்ற காலத்துல வேற ஆள் வந்து முதல்லேருந்து எண்ணணும். அதுவரைக்கும் ரோடு கிடையாது. உன் சான்றிதழையும் ஒரு வருஷம் நான் வாங்கி வச்சுக்கணும்." எழுந்தார். "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள எழுதி வை. எப்படி எழுதினாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன்."

அவர் போனதும் இவன் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்தான்.

"உன் பேரை எழுதுடி. அந்தம்மா தெய்வம் மாதிரி வழி காட்டிட்டுப் போறாங்க."

"பாத்தது நீங்கதானே?"

"யார் பாத்தா என்ன? ஆமை மாறிடுமா? பத்தொன்பது பத்தொன்பதுதானே! நீயேதானே காலையில சொன்னே, ஒண்ணா ரெண்டாங்கறதுதான் கேள்வின்னு?"

"அது வீட்டுல. இது ஃபைல்."

"ஃபைலாம் ஃபைலு! பதினொரு வருஷம் வாளி சுமந்தேடி. அதைத் தூக்கிக் கொடுத்துட்டு வீட்டுல உக்காரப் போறியா? நானும் வெளியூர் போயிட்டேன்னா? பொண்ணுக்குப் பரீட்சை. யோசிச்சுப் பாரு."

"யோசிக்காமயா இருக்கேன்?" என்றாள் அவள். "நீங்க போயிட்டா எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டுல நீங்க எதையாவது உடைக்கற சத்தம் இல்லாம நான் எப்படி இருப்பேன்? ஆனா இருபதுன்னு எழுதினப்போ நான் நம்பி எழுதினேன். அது தப்பு. இது தெரிஞ்சே எழுதறது. இதை எழுதிட்டா மத்த பத்தொன்பதையும் நானே எப்படி நம்பறது?"

"யாருக்கும் தெரியாதுடி."

"உங்களுக்குத் தெரியும்ல."

அவள் குனிந்து எழுதினாள். நிறுத்தி நிறுத்தி, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. பிழையைக் கண்டவர் என்ற இடத்தில் அவன் பேரை எழுதி, 'என் கணவர், இதே சாலைப் பணியில் ரோலர் ஓட்டுநர்' என்று எழுதினாள்.

அதிகாரியம்மா திரும்பி வந்து படிவத்தைப் படித்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் அதை அவன் பக்கம் நகர்த்தினார்.

"கண்டவர் கையெழுத்துப் போடணும். இங்கே." விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இது உங்க இஷ்டம். நீங்க போடலேன்னா இந்த வரி செல்லாது. அவங்களே கண்டதா நான் எடுத்துக்குவேன். நீங்க எதையும் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பேனா அவன் கைக்கு வந்தது. டீசல் சீட்டிலும் வருகைப் பதிவிலும் தவிர எதிலும் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது போடாமல் இருந்தாலே போதும். அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை, அவனும் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு மேஸ்திரியிடம் வரவில்லை என்று சொல்லிவிடலாம், வக்கீலோடு வாயாடலாம். அவளைப் பார்த்தான். போடு என்றோ போடாதே என்றோ அவள் ஒரு சாடை காட்டியிருந்தால் தேவலை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"எங்கே, இந்தக் கோட்டுக்கு மேலயா?" என்று கேட்டான்.

"மேல."

போட்டான். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அதிகாரியம்மா அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாடியும் இருவரும் இறங்கினார்கள்.

பைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள்.

"ஏன் போட்டீங்க?"

"நீ எழுதிட்டியே. நான் போடலேன்னா நீ எழுதினது பொய்னு ஆயிடாதா?" என்றான். "பொய் சொல்றவளோடயா நான் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டான். "அண்ணே, நான்தான். ஆமாண்ணே, வர்றேன். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கே போட்டுடுங்க. இல்லண்ணே, நான் மட்டும்தான்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "காலையிலேருந்து நீங்க திட்டவே இல்லை. திட்டினா மனசு ஆறும்."

"இப்பவே திட்டித் தீத்துட்டா அங்க போய் என்ன பண்றது?" என்றான் அவன், பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கியபடி. "தெனம் சாயங்காலம் கூப்பிட்டு ஒண்ணொண்ணாத் திட்றேன். ஒரு வருஷத்துக்கு வரும். ஏறு."